கோர்ஜெட்டுக்குப் பந்தல் வேண்டாம்

லண்டன் ஹரோவில் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் நான் கோர்ஜெட்டுக்குப் பந்தல் போட்டேன். விதைப் பைக்கற்றுப் படத்தைப் பார்த்தால் காய் வெள்ளரிக்காய் மாதிரி, இலை பூசணி இலை, பூவும் பூசணிப் பூ. யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில் எங்கள் வளவில் சுரை, புடோல், பீர்க்கு, பாகல் எல்லாமே பந்தலில்தான் ஏறின. இதுவும் ஏறும்தானே என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் மினக்கெட்டு, மூங்கில் தடியும் நைலோன் கயிறுமாக ஆறடி உயரத்துக்குக் கட்டினேன். கன்று முழங்கால் உயரத்தில் குடை விரித்தது போல நின்றுவிட்டது. பந்தல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யூலை மாதம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார். ஏறுவதற்கு என்றேன். "ஆர், நீயா?" என்றார்.

கோர்ஜெட் பூசணிக் குடும்பம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் வகைகளில் அநேகமானவை கொடி விடாது, பற்றையாக நிற்கும். ஒரே தண்டு, அதைச் சுற்றி இலைகள், இலைக் காம்புகளுக்கு இடையில் பூவும் பிஞ்சும். இந்தியாவில் இதைச் சுக்கினி என்கிறார்கள். அது இத்தாலிக்காரரின் சொல். இங்கிலாந்து பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், சின்னப் பூசணி. அந்தச் "சின்ன" என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

எத்தனை கன்று வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு. விதைப் பைக்கற்றில் பத்துப் பன்னிரண்டு விதை இருக்கும், எல்லாவற்றையும் போட மனம் துறுதுறுக்கும். நான் ஒரு வருஷம் ஆறு கன்று வைத்தேன். ஓகஸ்ட் மாதம் எங்கள் தெருவில் என்னைக் கண்டதும் சனம் மற்றப் பக்கத்துக்கு மாறத் தொடங்கியது. ஒரு நல்ல கன்று ஒரு பருவத்தில் இருபது காய்வரை தரும், சிலது அதற்கு மேலும். ஒன்று மட்டும் வைத்தால் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நாளில் மலராமல் போக இடமுண்டு. அதனால் இரண்டு.

வகைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. டிஃபெண்டர் என்ற எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின) வகை வெள்ளரித் தேமல் நோயைத் தாங்கும், இந்த நாட்டுக் குளிருக்கும் சலிக்காமல் காய்க்கும். முதல் தடவை வைப்பவர்கள் அதையே வாங்கலாம். மஞ்சள் காய் வேண்டுமென்றால் கோல்ட் ரஷ். பச்சை இலைக்குள் ஒளிந்திருக்கும் காயைத் தேடும் வேலை இல்லை, அதுவே ஒரு வசதி. தேனீ வராத மாடிப் பல்கனி என்றால் பார்தெனான். அது மகரந்தம் படாமலே காய்க்கும். பந்தல் போட்டே தீருவேன் என்று நிற்பவர்களுக்கு ட்ரொம்பொன்சினோ என்று ஒரு கொடி வகை இருக்கிறது. காய் நீண்டு வளைந்து புடோலங்காயைப் போலத் தொங்கும். எனது பந்தல் தடிகள் கடைசியில் அதற்குத்தான் உதவின.

விதை எப்போது போடுவது

அவசரப்படக் கூடாது. மார்ச் மாதம் இரண்டு நாள் வெயில் எறித்தவுடன் எங்கள் ஆட்களுக்குக் கை பரபரக்கும். நானும் மார்ச்சில் போட்டுப் பார்த்திருக்கிறேன். யன்னல் ஓரத்தில் வெளிச்சம் தேடி, நூல் மாதிரி இழுபட்டு வளர்ந்து, வெளியே வைக்கும் நாளுக்குள் தண்டு ஒடிந்துபோனது. லண்டன் பக்கம் என்றால் ஏப்ரல் கடைசி வாரம் சரி, வடக்கே இருப்பவர்கள் மே முதல் வாரம் போடலாம். ஒரே ஒரு இரவு உறைபனி போதும் இந்தக் கன்று கறுத்துச் சுருள. ஆகவே வெளியே நடுவது மே கடைசியில். அதிலிருந்து பின்னோக்கி நாலு கிழமை எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் விதைக்கும் நாள். வீட்டுக்குள் இடமில்லையா, யூன் தொடக்கத்தில் நேரே மண்ணிலேயே ஊன்றலாம். இரண்டு கிழமை பிந்தும், அவ்வளவுதான்.

9 சென்ரிமீற்றர் சாடி போதும். நான் பெரிய யோகட் பெட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு வைத்துக்கொள்வேன். ஒரு பெட்டிக்கு ஒரு விதை. தட்டையாகப் படுக்க வைக்காமல் விளிம்பு கீழே இருக்க நிறுத்தி, இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டால் முளைக்கும்வரை போதும். முளைக்க இதமான சூடு வேண்டும், 20 பாகைக்குக் கிட்ட இருந்தால் ஒரு கிழமைக்குள் வந்துவிடும். எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கும் அலுமாரிதான் முளைக்க வைக்கும் இடம். மனிசியின் துவாய்களுக்கு மேல் மூன்று யோகட் பெட்டி. மண் வெடித்து வெள்ளைக் கழுத்து தெரிந்தவுடன் வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் இழுபட்டுவிடும்.

மூன்று நாலு இலை வந்த பிறகு பத்து நாள் குளிருக்குப் பழக்க வேண்டும். பகலில் வெளியே, இரவில் உள்ளே. முதல் இரண்டு நாள் நிழலில் வையுங்கள், நேர் வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளையாகிவிடும். எனக்கு இரவு வேலை. காலையில் வீடு வரும்போது வெளியே தூக்கி வைப்பேன், பின்னேரம் போகும்போது உள்ளே எடுத்து வைப்பேன். இந்த வேலையை மகளிடம் கொடுத்த வருஷம் மூன்றில் இரண்டு கன்று வெளியிலேயே இரவைக் கழித்தது.

குழியும் நரியும்

ஊரில் எங்கள் மண் செம்மண். மழை பெய்தால் அடுத்த நாளே மண்வெட்டி போடலாம். ஹரோ மண் களி. மாரியில் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். இதைத் தோட்டம் முழுவதும் மாற்றுவேன் என்று இடுப்பை உடைக்காதீர்கள். கன்று வைக்கும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, ஒரு மண்வெட்டி ஆழம், ஒரு மண்வெட்டி அகலத்தில் குழி எடுங்கள். எடுத்த மண்ணில் பாதியளவு கூட்டெருவோ நன்றாக உக்கிய குதிரை எருவோ கலந்து திரும்ப நிரப்பிவிடுங்கள். சாதாரணப் பலசரக்குக் கடை வாளி ஒன்று நிறைய எரு ஒரு குழிக்குக் கணக்கு. குழிக்குக் குழி 90 சென்ரிமீற்றர் இடைவெளி. நடும்போது இரண்டு சின்னக் கன்றுக்கு நடுவில் இவ்வளவு வெறும் நிலமா என்று தோன்றும், அந்த இடத்தில் கொத்தமல்லி போட்டுக்கொள்ளலாம். யூலை நடுப்பகுதியில் கால் வைக்க இடம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. மீன், இரத்தம், எலும்பு கலந்த தூள் பசளை தோட்டக் கடைகளில் விற்பார்கள். நல்ல சாமான்தான், ஆனால் லண்டன் நரிக்கு அது விருந்து அழைப்பு. நான் குழிக்குள் இரண்டு கைப்பிடி போட்டு நட்ட அன்றிரவே இரண்டு கன்றையும் கிண்டி எறிந்துவிட்டுப் போயிருந்தது. ஊரில் கோழி பிடிக்க வந்த நரியைக் கலைத்திருக்கிறோம். இங்கே நரி மரக்கறித் தோட்டம் கொத்துகிறது. அதன் பிறகு எருவோடு நிறுத்திக்கொண்டேன்.

சாடியில் வளர்ப்பவர்கள் 45 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறையாமல் ஒரு சாடியில் ஒரு கன்று மட்டும் வையுங்கள். கோடையில் நாள்தோறும் தண்ணீர் விட வேண்டி வரும் என்பதையும் யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நடும் அன்றே நத்தைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஓடில்லாத நத்தைக்கு இளம் கோர்ஜெட் தண்டு என்றால் உயிர். காலையில் பார்த்தால் ஒரு அங்குலக் குச்சிதான் மிச்சமிருக்கும். முந்தி எல்லோரும் போட்ட மெற்றல்டிஹைட் குளிசைகள் 2022 வசந்தத்தோடு இங்கே தடை. அலுமாரி மூலையில் பழைய பெட்டி கிடந்தால் பாவிக்க வேண்டாம். இரும்புப் பொஸ்பேற் குளிசைகள் போடலாம். நான் இரண்டு லீற்றர் போத்தலின் அடியை வெட்டிக் கன்றின் மேல் தொப்பியாகக் கவிழ்த்துவிடுவேன். மூடியைக் கழற்றிவிட்டால் காற்றும் போகும், முதல் இரண்டு கிழமைக் குளிருக்கும் அடக்கம். இலை போத்தலைத் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும். தண்டு தடித்து, இலையில் முள் மயிர் வந்த பிறகு நத்தை அவ்வளவு சேட்டை விடாது. அந்த முள் மயிர் எங்கள் கையையும் பதம் பார்க்கும். அரைக்கைச் சேட்டோடு உள்ளே கை விட்டால் இரவு முழுக்கச் சொறிய வேண்டியதுதான்.

அதே போத்தல் இன்னொன்றை நடும்போதே வேருக்குப் பக்கத்தில் தலைகீழாகப் புதைத்துவிடுங்கள். வாய் கீழே, வெட்டிய அடி மேலே. தண்ணீரை அதற்குள் ஊற்றினால் களிமண்ணுக்கு மேலால் ஓடிப் போகாமல் நேரே வேருக்கு இறங்கும். வெயில் காலத்தில் ஒரு கன்றுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை ஒரு முழு வாளி, அதாவது ஒன்பது பத்து லீற்றர். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். மத்தியான வெயிலில் இலை சோர்ந்து தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பின்னேரம் நிமிர்ந்தால் சரி, நிமிரவில்லை என்றால்தான் தண்ணீர் குறைவு. முதல் பிஞ்சுகள் பருக்கத் தொடங்கியதும் பத்து நாளுக்கு ஒரு தடவை தக்காளிக்கு விடும் திரவப் பசளையைக் கலந்து விடுங்கள். அதற்கு முன் விட்டால் இலைதான் வளரும்.

காலைப் பூ

இனிச் சொல்லப் போவதுதான் அதிகம் பேர் என்னிடம் கேட்பது. "பிஞ்சு வருகுது அண்ணை, விரல் அளவு வந்தவுடனே நுனி மஞ்சளாகி, அழுகி விழுகுது." நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். அநேகமாக அது நோய் இல்லை, மகரந்தம் படவில்லை. யூன் மாதக் குளிரிலும் மழையிலும் தேனீ வெளிக்கிடாது. பெண் பூ மலர்ந்து, காத்திருந்து, மூடிவிடும். பிஞ்சு வெம்பிப் போகும்.

நான் பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வீடு வருவேன். வேறு எதற்கும் உதவாத அந்த நேரம் கோர்ஜெட்டுக்கு வாய்ப்பான நேரம். பூ விடியலில் மலர்ந்து மத்தியானத்துக்கு முன் மூடிவிடும். பத்து மணிக்கு எழும்பித் தேநீர் குடித்துவிட்டுப் போனால் முறுக்கிய துணி மாதிரிச் சுருண்டு கிடக்கும். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் யூனிபோமோடு பின்வளவுக்குப் போவேன். இலையை விலக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ, உள்ளே பனித் தண்ணீர், சில நாளில் அதற்குள் ஒரு வண்டுத் தேனீ நனைந்து படுத்திருக்கும். அது எழும்பிப் போகும்வரை நான் அடுத்த பூவைப் பார்ப்பேன்.

ஆண் பூவுக்குக் காம்பு நீளம், மெல்லியது, பூவுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. பெண் பூவுக்குக் கீழே சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டிக் கோர்ஜெட் ஏற்கனவே இருக்கும். உள்ளே பார்த்தாலும் தெரியும். ஆணுக்கு நடுவில் மஞ்சள் மா பூசிய ஒற்றைக் குச்சி, பெண்ணுக்குப் பிரிந்து மடிந்த சூல்முடி. ஆண் பூ ஒன்றைக் காம்போடு முறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, அந்தக் குச்சியைப் பெண் பூவின் நடுவில் நாலு பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் மகரந்தம் நன்றாக இருக்கிறது என்று கணக்கு. ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மழைக்காலத்தில் அம்மா பூசணிக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பந்தல் பாடம் இந்த நாட்டில் பிழைத்துப் போனாலும் இந்தப் பாடம் பிழைக்கவில்லை.

சில வருஷம் தொடக்கத்தில் ஒரே ஆண் பூவாக வரும், சில வருஷம் ஒரே பெண் பூவாக. இரண்டு கிழமை பொறுத்தால் தானாகச் சரிவரும். மிஞ்சிய ஆண் பூக்களைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் ரீயோடு நல்ல சோடி. பூவின் உள்ளே ஒருக்கால் தட்டிப் பார்த்துவிட்டுத் தோயுங்கள், எறும்பு இருக்கும்.

பெருக்க விடாதீர்கள்

பூ மலர்ந்து நாலு ஐந்து நாளில், வெயில் நல்லதென்றால், காய் வெட்டத் தயார். ஒரு சாண் நீளத்துக்குள், பத்திலிருந்து பதினைந்து சென்ரிமீற்றரில் வெட்டிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது மனம் கேளாது. "இன்னும் இரண்டு நாள் விட்டால் இரண்டு மடங்கு வருமே." வரும். மூன்றாம் நாள் அது கோர்ஜெட் இல்லை, மரோ, பெருத்து முற்றிய காய்க்கு இங்கே அதுதான் பெயர். தோல் தடித்து, உள்ளே பஞ்சும் விதையுமாக, கறி வைத்தால் தண்ணீராக ஓடும். அதைவிட மோசம், ஒரு காயை முற்ற விட்டால் வந்த வேலை முடிந்தது என்று கன்று புதுப் பூ விடுவதைக் குறைத்துவிடும். வெட்ட வெட்டத்தான் காய்க்கும். யூலை, ஓகஸ்டில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை இலைக்கு அடியில் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். விடுமுறைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் ஒரு கிழமை பாரிசில் மச்சாள் வீட்டுக்குப் போய் வந்தபோது ஒன்று எனது முழங்கை நீளத்தில் கிடந்தது. கிழவர் அதைத் தூக்கிப் பார்த்து, பந்தலில் ஏற்றியிருக்கலாம் என்றார்.

திருகிப் பிடுங்காமல் கத்தியால் காம்போடு வெட்டுங்கள். திருகினால் தண்டு கிழிந்து அழுகல் பிடிக்கும்.

வீட்டில் மனிசி வறை போடுகிறபோது தண்ணீரே விடுவதில்லை. சின்னதாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை வதங்கியதும் போட்டு, அடுப்பைக் கூட்டி வைத்துக் கிளறி, தேங்காய்ப்பூவைக் கடைசியில் போடுவார். உப்பை முதலே போட்டால் காய் தண்ணீர் விட்டு வறை கூழாகிவிடும். பாற்கறிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, வெந்தயம் கொஞ்சம் கூடப் போட்டால் சுரைக்காய்ப் பாற்கறிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல மாட்டீர்கள். 2017 தொடக்கத்தில் ஸ்பெயினில் மழையும் பனியும் அடித்து, இங்கே கடைகளில் கோர்ஜெட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஓகஸ்டில் நான் பையோடு வந்தால் கதவு திறக்காத சொந்தக்காரர்கள் அந்த ஜனவரியில் போன் எடுத்து, உறைய வைத்தது ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கசந்தால்

இது விளையாட்டில்லை. சமைக்கும் முன் காயின் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கோர்ஜெட் கசக்கக் கூடாது. கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அதே கன்றின் மற்றக் காய்களையும் நம்ப வேண்டாம். ஊரில் பேய்ச்சுரை என்று ஒதுக்குவோமே, அதில் இருக்கும் அதே குக்கர்பிட்டசின் என்ற நச்சுத்தான் இதிலும் வரும். வேக வைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைக் கசப்போடு சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார்.

இது வருவதற்கு முக்கிய காரணம் சேமித்த விதை. கோர்ஜெட்டும் அழகுக்கு வளர்க்கும் குட்டிப் பூசணிகளும் ஒரே இனம். தேனீ பக்கத்துத் தோட்டத்து அழகுப் பூசணியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவினால் அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது, அதன் விதையிலிருந்து வரும் அடுத்த வருஷக் கன்றில்தான் கசப்பு வரும். ஊர்ப் பழக்கத்தில் முற்றல் காயில் விதை எடுத்துக் காய வைக்கும் மாமிமாருக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பாகலுக்கும் பயற்றைக்கும் செய்யுங்கள், கோர்ஜெட்டுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் புது விதை வாங்குங்கள்.

மற்ற நோய்களில் சாம்பல் நோய் கட்டாயம் வரும், ஓகஸ்ட் கடைசியில் இலையில் மா தூவினது போல. மண் காய்ந்திருந்தால் இன்னும் வேளைக்கு வரும். தண்ணீரை வேருக்கு விட்டு, அடியில் புல் வெட்டியதை மூடாக்காகப் போட்டு, மோசமான அடி இலைகளை வெட்டி எடுத்தால் செப்டெம்பர்வரை இழுக்கலாம். ஆனால் சில வகைகளின் இலை நரம்புகளுக்கு இடையில் வெள்ளித் திட்டு இயற்கையாகவே இருக்கும். நானே முதல் வருஷம் அதை நோய் என்று நினைத்து நல்ல இலைகளை வெட்டி எறிந்தவன். விரலால் தேய்த்துப் பாருங்கள். மா மாதிரி ஒட்டினால் நோய், ஒட்டாவிட்டால் அது அதன் நிறம். இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கி, காயும் மொக்கு மொக்காக வந்தால் தேமல். அதற்கு வைத்தியம் இல்லை. செடிப்பேன் மற்றக் கன்றுக்குக் கொண்டுபோகும் முன் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஒக்ரோபரில் முதல் உறைபனி விழுந்த அடுத்த நாள் காலை கன்று வேக வைத்த கீரை மாதிரிப் படுத்துவிடும். நான் அன்றைக்கே பிடுங்கிக் கூட்டெருப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். அந்தக் குழியில் அடுத்த வருஷம் போஞ்சி. புதைத்த போத்தலை மட்டும் தோண்டி எடுத்துக் கழுவிக் கொட்டிலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.